பச்சை உடம்பும் மலச்சிக்கலும்

சிசேரியன் வார்டில் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தவறாமல் ஒன்று கேட்பார்: "காத்துப் பிரிஞ்சுதாம்மா?" மாமியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், கணவர் செல்போனில் எதையோ தேடுவார், பெண் தலையை மட்டும் ஆட்டுவாள். மறுநாள் கேள்வி "மோஷன் போச்சா?" என்று மாறும். போகாவிட்டாலும் "ம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவர்கள் நிறைய. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்கு வந்தபிறகு, அந்த "ம்" கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் கண்ணீராக முடியும்.

தமிழ்நாட்டில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைப் பிரசவம். சுகப்பிரசவம் ஆனவர்களிலும் பலருக்குக் கீழே தையல் இருக்கும். எப்படிப் பிரசவமானாலும் முதல் ஒரு வாரம் குடல் மந்தமாக இருப்பது சகஜம். அது கெட்டி மலமாகவும் மூலமாகவும் வளராமல் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி வீட்டிலேயே செய்யக்கூடியது. கர்ப்பிணியும், அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் ஒன்பதாம் மாதத்திலேயே இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டால் நல்லது.

ஏன் கட்டிக்கொள்கிறது?

கர்ப்பகாலத்தில் கூடும் புரொஜெஸ்டிரான் குடலின் அசைவை மெதுவாக்குகிறது. அந்த மந்தம் பிரசவமான உடனே தீர்ந்துவிடாது. அறுவையும் டிரமடால் போன்ற வலுவான வலி மருந்துகளும் அதை இன்னும் மந்தமாக்குகின்றன. இரும்புச்சத்து மாத்திரை, படுத்தே கிடப்பது, தண்ணீர்க் குறைவு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே பயம். தையல் பிரிந்துவிடுமோ என்று பெண் அடக்குகிறாள். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், அடுத்த முறை வலிக்கும், பயம் இரட்டிப்பாகும்.

பிரசவம் முடிந்த அன்றே மலம் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வலி எடுத்தபோதே குடல் ஓரளவு காலியாகியிருக்கும், சாப்பாடும் சரியாக உள்ளே போயிருக்காது. இரண்டு மூன்று நாளில் முதல் முறை போவது இயல்பு. அறுவை என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே

1. உண்மையைச் சொல்லுங்கள். காற்று பிரியவில்லை, மோஷன் போகவில்லை என்றால் அப்படியே சொல்ல வேண்டும். எப்போது என்ன சாப்பிடலாம், என்ன மருந்து வேண்டும் என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.
2. எழுந்து நடங்கள். சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, நடக்கலாம் என்று சிஸ்டர் சொன்னதும் முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். தலை சுற்றவில்லை என்றால் துணைக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல் வரை போய் வாருங்கள். ஒரே நடையாக நீள நடப்பதைவிட, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் நடப்பது உடம்புக்கு எளிது.
3. வலி மருந்தைப் பற்றிக் கேளுங்கள். பாராசிட்டமால் மலத்தைக் கட்டாது. டிரமடால், கோடீன் வகைகள் கட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இவை பொதுவாக உகந்தவையும் அல்ல. மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வழியல்ல. வலி இருந்தால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் குடலும் நகராது.
4. தையலின் ஆழத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை வரை கிழிந்து தைத்திருந்தால் அதை மூன்றாம் அல்லது நான்காம் நிலைக் கிழிசல் என்பார்கள். இவர்களுக்கு மலம் இளகுவதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே எழுதிக் கொடுப்பது வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறிப்பு: அறுவைக்குப் பிறகு சூயிங்கம் மெல்லுவது கொஞ்சம் உதவும். மெல்லும்போது சாப்பாடு வருவதாக நினைத்துக் குடல் அசையத் தொடங்குகிறது. 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கம் மென்ற பெண்களுக்குச் சுமார் 7 மணி நேரம் முன்னதாகக் காற்று பிரிந்திருந்தது. சோதனைகளின் தரம் சுமார்தான் என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் செலவு சில ரூபாய்தான், கெடுதலும் பெரிதாக இல்லை. சர்க்கரை இல்லாத கம்மை டாக்டரிடம் கேட்டுவிட்டு மெல்லலாம்.

பத்தியத்துக்குள்ளேயே வழி தேடுவது

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கும். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவாட்டுக் குழம்பு, கடலோரத்தில் பால்சுறாப் புட்டு. இவற்றைக் குறை சொல்லி வீட்டில் சண்டை வளர்ப்பது வீண். பச்சை உடம்புக்காரிக்குச் சூடாக, புதிதாக, நேரத்துக்குச் சமைத்துப் போடும் ஏற்பாடு எத்தனை பேருக்கு வாய்க்கிறது? பத்தியத்தில் கொடுப்பதைக் காட்டிலும் தடுப்பதுதான் குடலைக் கட்டுகிறது. தண்ணீர் குறையும். பழம் நின்றுவிடும். காய்கறி ஒன்றிரண்டாகச் சுருங்கும். மிச்சம் இருப்பது வெள்ளைச் சோறு. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து ஒரு கிராமை எட்டுவதே அரிது, ஒரு நாளைய தேவையோ 25 முதல் 30 கிராம்.

தண்ணீர்த் தடைக்குத்தான் எத்தனை காரணங்கள்! தண்ணி குடித்தால் வயிறு உள்ளே போகாது, தையலில் சீழ் வைக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். வயிறு உள்வாங்குவது கர்ப்பப்பை சுருங்குவதாலும் தசை பழைய நிலைக்குத் திரும்புவதாலும்தான். சீழும் சளியும் கிருமியால் வருபவை. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். தாய்ப்பாலே முழு உணவாக இருக்கும் குழந்தைக்கு நாளுக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் சுரக்கிறது. அவ்வளவு நீரும் அம்மாவின் உடம்பிலிருந்து போகிறது. ஈடு செய்யாவிட்டால் குடலில் இருக்கும் நீரை உடம்பு இழுத்துக்கொள்ளும்.

இதை மாமியாரிடம் வாதாடி ஜெயிப்பதைவிட, அவர் ஒத்துக்கொள்ளும் பண்டத்திலேயே வேலையை முடிப்பது சாமர்த்தியம்.

1. தண்ணீரை வெந்நீராக்குங்கள். பச்சைத் தண்ணீருக்குத்தான் தடை, வெந்நீருக்கு இல்லை. ஒரு லிட்டர் பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறந்த குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடித்தால், 200 மில்லி டம்ளரில் எட்டு முறைக்கே 1.6 லிட்டர் சேர்ந்துவிடும். ரசம், பூண்டுப் பால், கஞ்சி, சூப் எல்லாம் கூடி இரண்டரை லிட்டரைத் தாண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று அர்த்தம்.
2. ரசத்தைச் சோற்றில் ஊற்றுவதோடு நிறுத்தாதீர்கள். டம்ளரிலும் கொடுங்கள். முருங்கைக்கீரை சூப், ஆட்டுக்கால் சூப்புக்கும் பத்தியத்தில் இடம் உண்டு.
3. பிஞ்சுக் காய்களைக் கேளுங்கள். பீர்க்கை, சுரை, அவரைப் பிஞ்சு, கத்தரிப் பிஞ்சு, முருங்கைக்காய் ஆகியவற்றைப் பெரும்பாலான வீடுகளில் விலக்குவதில்லை. முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொரியல் தினமும் ஒரு கைப்பிடி கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.
4. பழத்தை உலர்ந்த வடிவில் கொண்டுவாருங்கள். வாழைப்பழம் குளிர்ச்சி என்று சொல்பவர்கள்கூடப் பேரீச்சையை "ரத்தம் ஊறும்" என்று தாங்களே எடுத்துத் தருவார்கள். இரவில் 10, 15 உலர் திராட்சையும் இரண்டு அத்திப்பழமும் வெந்நீரில் ஊறட்டும். காலையில் பழத்தைத் தின்று, ஊறிய தண்ணீரையும் குடிக்கலாம். கர்ப்பத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் தடை இல்லை என்றால் கொய்யாவும் பழுத்த பப்பாளியும் இன்னும் நல்லவை. 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு.
5. ஒருவேளைச் சோற்றை மாற்றுங்கள். கைக்குத்தல் அரிசி, கேழ்வரகுக் களி, கோதுமை ரவைக் கஞ்சி என்று ஏதாவது ஒன்று.

இங்கே பலர் செய்யும் தவறு: மலச்சிக்கல் வந்த அன்றே கீரை, கொய்யா, சிறுதானியம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்பது. தண்ணீர் கூடாமல் நார்ச்சத்து மட்டும் கூடினால் வயிறு உப்பி, மலம் இன்னும் திரண்டு அடைக்கும். நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கூட்டுங்கள்.

பிரசவ லேகியம், காய உருண்டை பற்றி ஒரு வார்த்தை. சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் போட்டு வீட்டில் கிண்டுவதில் பெரிய பயமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதாத லேகியம் மட்டும் வேண்டாம்.

இரும்பு மாத்திரையை நிறுத்தாமல்

மலச்சிக்கல் என்றதும் பலர் யாரிடமும் சொல்லாமல் செய்யும் காரியம், இரும்பு மாத்திரையை நிறுத்துவது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவத்தில் வேறு ரத்தம் போயிருக்கும். ஆகவேதான் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் கொடுக்க வேண்டும் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. கூடவே தரப்படும் கால்சியம் மாத்திரைக்கும் மலத்தைக் கட்டும் குணம் கொஞ்சம் உண்டு.

என்ன செய்யலாம்?

- இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் ஒட்டாது.
- மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.
- வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். வேறு வகை இரும்பு, ஒருநாள் விட்டு ஒருநாள், ரத்தசோகை அதிகம் என்றால் நரம்பு வழி இரும்பு என்று மாற்று வழிகள் உண்டு. எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.
- மலம் கருப்பாகப் போவது இரும்பு மாத்திரையின் இயல்பு. தார் போல ஒட்டிக்கொண்டு, துர்நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம். உடனே காட்ட வேண்டும்.

கழிப்பறையில்: ஏழு படிகள்

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. மலம் கழிப்பதால் தையல் பிரிந்துவிடாது. சுகப்பிரசவத் தையல் பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கிறது, மலம் போகும் அழுத்தத்தைத் தாங்கும்படிதான் போடுகிறார்கள். அறுவைத் தையலும் முக்கலால் தெறித்துவிடாது. வலி இருக்கலாம். அதைக் குறைக்கத்தான் இந்த வரிசை.

1. நேரம் குறியுங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். காலையில் இந்த அசைவு வலுவாக இருக்கும். சூடாக ஏதாவது குடித்து, இட்லி சாப்பிட்டு, 20, 30 நிமிடம் கழித்துப் போங்கள். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அழுகுரல் காதில் விழுந்தால் உடம்பு இறுகிவிடும்.
2. வந்தால் அடக்காதீர்கள். விருந்தாளி வந்திருக்கிறார், குழந்தை இப்போதுதான் மடியில் தூங்கியது என்ற காரணமெல்லாம் வேண்டாம்.
3. முழங்காலை உயர்த்துங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் அரையடி உயரத்துக்கு வழுக்காத ஸ்டூல் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே வரவேண்டும். முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். ஆசனவாயை வளைத்துப் பிடித்திருக்கும் தசை இந்த நிலையில் தளர்கிறது. இந்தியன் டாய்லெட்டில் குந்தும்போது இது தானே நடந்துவிடும். அங்கே சிரமம் குந்துவதிலும் எழுவதிலும்தான். கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, துணைக்கு ஒருவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். அறுவையானவர்கள் சில வாரங்களுக்குக் கமோட் நாற்காலி வாங்கிக்கொண்டால் சிரமமில்லை.
4. தாங்கிப் பிடியுங்கள். கீழே தையல் உள்ளவர்கள் சுத்தமான பேடையோ மடித்த பருத்தித் துணியையோ தையலின் மேல் வைத்து, முன்புறமிருந்து லேசாக அழுத்திக்கொள்ளலாம். அறுவையானவர்கள் மடித்த துண்டை வயிற்றுத் தையலின் மேல் அணைத்துப் பிடித்தால் வலி பாதியாகத் தெரியும்.
5. மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்து முக்குவதுதான் மூலத்தையும் தையல் வலியையும் கிளப்புகிறது. வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வயிற்றை முன்னால் தள்ளுங்கள்.
6. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த சாப்பாட்டுக்குப் பின் பார்க்கலாம். செல்போன் உள்ளே வரக்கூடாது.
7. முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பின்னிருந்து முன்னால் வந்தால் கிருமி தையலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் போகும். ஹெல்த் ஃபாசெட்டை மெதுவாகத் திறங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

மூன்று நாளாகியும் போகவில்லை என்றால்

வயிறு உப்பாமல், வாந்தி இல்லாமல், காற்று பிரிந்துகொண்டிருந்தால் பதற்றம் வேண்டாம். கீழே உள்ள வரிசையில் போகலாம். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் உள்ளவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் டாக்டர் எழுதியதை மட்டும் எடுக்க வேண்டும்.

1. ஒரு நாள் சாப்பாட்டில் முயலுங்கள். வெந்நீர், ஊறிய திராட்சை, அத்தி, நடை.
2. மலம் இளக்கும் மருந்து. லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ டாக்டர் சொல்வார். இவை ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, ஆதலால் பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைப்பதுதான் இவற்றின் வேலை. லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். இரவு குடித்தது காலையில் பலிக்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்கினால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்குதான். முதலில் கொஞ்சம் வாயு சேரும், போகப்போகச் சரியாகும்.
3. இசப்கோல். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கூழாகும் முன் குடித்துவிடுங்கள். உடனே இன்னொரு டம்ளர் தண்ணீரும் வேண்டும். வெறும் பொடியை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். படுக்கப்போகும் நேரத்திலும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்தும் வேண்டாம். தண்ணீர் குடிக்க முடியாதவர்கள் இசப்கோலைத் தொடவே கூடாது.
4. ஆசனவாயில் வைக்கும் மருந்து, எனிமா. டாக்டரோ நர்ஸோ சொன்னால் மட்டும். சோப்புத் தண்ணீர் எனிமாவை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. ஆழமான கிழிசல் உள்ளவர்களுக்கு எதையும் உள்ளே நுழைப்பது ஆபத்து.

விளக்கெண்ணெயைப் பாட்டிகள் சிபாரிசு செய்வார்கள். வயிற்றை முறுக்கிப் பேதியாக்கும் மருந்து அது. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பிலிருந்து இன்னும் நீரை வெளியேற்றிவிடும். நிலாவரைப் பொடியும் குடலைத் தூண்டும் வகைதான். டாக்டர் எழுதினால் சில நாளுக்கு அளவோடு எடுக்கலாம், கடையில் நாமே வாங்கித் தினமும் கலக்கிக் குடிக்கக் கூடாது. கடுக்காய், திரிபலா வேண்டும் என்றால் அரசு சித்த மருத்துவரிடம், பால் கொடுப்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மூலமும் வெடிப்பும்

பிரசவத்தில் முக்கியதால் வெளியே தள்ளிய மூலம் பெரும்பாலும் சில வாரங்களில் சுருங்கிவிடும். ஓர் அகலமான டப்பில் கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரை ஊற்றி, அதில் இடுப்பு நனையும்படி 10, 15 நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். அறுவையானவர்கள் வயிற்றுத் தையல் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலம் போகும்போது பிளேடால் கீறுவதுபோல வலித்து, மேலே ஒரு கோடாக ரத்தம் தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். மலத்தை இளக்கினாலே பாதி ஆறும், மீதிக்குக் களிம்பு வேண்டியிருக்கும். எந்த ரத்தமானாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மூலம், வெடிப்பு என்று முடிவுக்கு வரவேண்டும்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

- வயிறு உப்பி இறுகி, காற்றும் பிரியாமல், வாந்தி வருவது. அறுவைக்குப் பின் இது குடல் அசைவு நின்றதன் அடையாளமாக இருக்கலாம். மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- காய்ச்சல், தையலில் சீழ், துர்நாற்றமுள்ள கசிவு.
- ஆசனவாயிலிருந்து நிற்காமல் ரத்தம், அல்லது பெண்ணுறுப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு.
- பெண்ணுறுப்பு வழியே காற்றோ மலமோ வருவது.
- மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் போகாமல், வலி கூடிக்கொண்டே போவது.

அவசரம் என்றால் 108. சந்தேகம் கேட்க 104.

ஆறாவது வாரப் பரிசோதனையில் கேட்க வேண்டியவை

அன்றைக்குக் குழந்தையின் எடை, தடுப்பூசி, கருத்தடை என்று பேச்சு ஓடிவிடும். அம்மாவின் குடலைப் பற்றி யாரும் தாங்களாகக் கேட்க மாட்டார்கள், ஆகவே தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் இரண்டு விஷயங்களை எழுதிக்கொண்டு போவது நல்லது. ஒன்று, மலமோ காற்றோ அடக்க முடியாமல் கசிகிறதா? வெட்கத்தால் இதை வருடக்கணக்கில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரசவ அறையில் கண்ணில் படாமல் போன தசைக் கிழிசலாக இருக்கலாம். இடுப்படித் தசைப் பயிற்சியாலோ சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும், சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல். இரண்டு, சாப்பாடும் தண்ணீரும் சரியாக இருந்தும் மலச்சிக்கல் விடவில்லையா? கூடவே அளவுக்கு மீறிய அசதியும், மற்றவர்களுக்கு வேர்க்கும்போது இவருக்கு மட்டும் குளிருவதும் இருந்தால், தைராய்டு ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறு முதல் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். ஆறாவது வாரத்தில் சரியாக இருந்தாலும், ஐந்தாறு மாதம் கழித்து இதே தொல்லைகள் சேர்ந்து வந்தால் மறுபடியும் கேட்க வேண்டும்.